புரியாததை அன்றே கேட்கட்டும்!



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நாகூரின் தெருக்களில் எத்தனை பரபரப்பு! அறிவியலில் மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டில் மட்டும் அன்று பேச்சுக் குறைந்துவிடும். தாயார் பிள்ளையைக் கடிவார். சபர் சென்றிருக்கும் தந்தையார் தொலைபேசியில் வருந்துவார். "டியூஷன் வைத்தும் இப்படியா?" என்று உறவினர் கேட்பர்.

அந்த மதிப்பெண் உண்மையில் எப்போது குறைந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? ஓராண்டுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில், யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத ஒரு நாளில், கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய ஒரு வரி பிள்ளைக்குப் புரியாமல் போயிற்று. பிள்ளை கேட்கவில்லை. மறுநாள் ஆசிரியர் அந்த வரியின் மீது அடுத்த வரியை எழுதினார். பிள்ளையின் பின்னடைவு அன்றே தொடங்கிவிட்டது.

வரலாற்றில் ஓர் அரசரின் பாடத்தைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த அரசரின் பாடத்தை ஓரளவு படித்துக்கொள்ளலாம். அறிவியல் அப்படிப்பட்டதன்று. அது மாடிப்படி போன்றது. ஒன்பதாம் வகுப்பில் அணு அமைப்பு விளங்கினால்தான் இணைதிறன் விளங்கும். இணைதிறன் விளங்கினால்தான் வேதிப்பிணைப்பு விளங்கும். அவை விளங்காத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பின் மோல் கணக்குகள் வெறும் எண் கூட்டமாகவே தோன்றும். அப்போது அது மனப்பாடத்தைத் துணைக்கு அழைக்கிறது. மனப்பாடம் சில படிகளுக்குக் கைகொடுக்கும். அதற்குமேல் கைவிட்டுவிடும்.

இந்த மாதம் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இதுதான். வகுப்பிலும், ஆய்வுக்கூடத்திலும், பள்ளிக்கு வரும் அறிஞர்களின் சொற்பொழிவிலும் நம் பிள்ளைகள் பின்தங்காமல் இருக்க என்ன வழி? அறிவியல் படிக்காத பெற்றோர் அதற்கு என்ன செய்ய இயலும்?

நம் ஊர் நாள்காட்டி

பிள்ளைகள் பின்தங்குவதற்குச் சோம்பல் ஒன்றே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. நம் ஊரின் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கிறது. காவிரிக் கழிமுகம் முழுவதும் நீர்க்காடாகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்படுகிறது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, இம்மாவட்டத்துப் பிள்ளைகள் வகுப்புகளை இழந்ததை நாம் அறிவோம். கந்தூரிக் காலத்திலோ வீடுதோறும் விருந்தினர் நிறைந்திருப்பர். பிறைக் கணக்கில் வரும் அந்த நாட்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால், சில ஆண்டுகளில் தேர்வு நேரத்தோடும் மோதுகின்றன. திருமணங்கள், வெளிநாட்டிலிருந்து தந்தையார் விடுப்பில் வரும் வாரங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதையும் குறை சொல்வதற்கில்லை. இவை நம் வாழ்வின் பகுதிகள். ஆனால் விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை என்ன செய்கிறது? தோழியின் நோட்டை வாங்கி இரவெல்லாம் பார்த்து எழுதுகிறது. நோட்டு நிரம்பிவிடுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் நிறைவடைகின்றனர். விடுபட்ட எழுத்துத்தான் ஈடுசெய்யப்பட்டது என்பதும், விடுபட்ட விளக்கம் அப்படியே இருக்கிறது என்பதும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு பாடம் எவ்வளவு பெறும்?

"ஒரு பாடம் புரியாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?" என்று கேட்பவர் உண்டு. கடற்கரையில் வாழும் நாம் இக்கேள்விக்கு விடை அறிந்தவர்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து ஆழிப்பேரலை நம் கரையை அடைந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை விவரித்து நம் வாசகர்களின் நெஞ்சை மீண்டும் புண்படுத்த வேண்டியதில்லை.

அதே நாளில், தாய்லாந்து நாட்டின் புக்கெட் தீவில் மைக்காவோ என்னும் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி பெற்றோருடன் நடந்துகொண்டிருந்தாள். கடல்நீர் நுரைத்துப் பொங்கியது. வந்த நீர் திரும்பிச் செல்லாமல் மேலும் மேலும் ஏறி வந்தது. இரு வாரங்களுக்கு முன் தன் பள்ளியில் புவியியல் ஆசிரியர் நடத்திய ஆழிப்பேரலைப் பாடம் அச்சிறுமியின் நினைவுக்கு வந்தது. அவள் கூச்சலிட்டுப் பெற்றோரை எச்சரித்தாள். விடுதியின் காவலர் செவிசாய்த்தார். கரையில் இருந்த ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினர். இரண்டே வாரங்களுக்கு முன் நடந்த ஒரு வகுப்பைக் கவனித்துக் கேட்டதன் பயன் அது.

இதில் நுட்பமான செய்தி ஒன்று இருக்கிறது. அந்தப் பேரழிவுக்குப் பின் "கடல் உள்வாங்கினால் ஆழிப்பேரலை வரும்" என்ற வரியை நம் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாக அறிவர். தாய்லாந்துக் கரையில் பல இடங்களில் அப்படித்தான் கடல் முதலில் உள்வாங்கியது. ஆனால் நம் சோழமண்டலக் கரைக்கு முதலில் வந்தது உயர்ந்தெழுந்த நீரே. காரணம் என்ன? சுமத்ரா அருகே கடலடித் தரை பிளந்தபோது அதன் மேற்குப் பக்கம் உயர்ந்தது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே சென்ற அலையின் முன்னால் பள்ளம் சென்றது. மேற்கே நம்மை நோக்கி வந்த அலையின் முன்னால் மேடு வந்தது. அடுத்த நிலநடுக்கத்தில் இது மாறியும் வரலாம்.

"கடல் உள்வாங்கட்டும், பிறகு ஓடலாம்" என்று நம் கரையில் காத்திருந்தவருக்கு நேரமே இருந்திருக்காது. அடையாளத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை ஏமாறும். காரணத்தை அறிந்த பிள்ளை, கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் உயரமான இடம் நோக்கி ஓடும். முதல் அலை போனபின் திரும்பி வந்து வேடிக்கையும் பார்க்காது. ஏனெனில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கில் வரும். முதல் அலையே பெரியது என்பதும் இல்லை.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு இதில் ஒரு கணக்கும் உண்டு. கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கமான ஏறத்தாழ 10-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், ஆழிப்பேரலை நொடிக்கு எத்தனை மீட்டர் விரையும் என்பது கிடைக்கும். ஆழம் 3,600 மீட்டர் என்றால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 190 மீட்டர். அதாவது மணிக்கு 680 கிலோமீட்டர். கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் நொடிக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர். முன்னே செல்லும் நீர் வேகம் குறைய, பின்னே வரும் நீர் அதன்மேல் நெருங்கி ஏறுகிறது. நடுக்கடலில் படகில் இருப்பவர் உணராத அலை கரையில் மலைபோல் எழுவது இதனால்தான். வர்க்கமூலம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

வகுப்பு: "புரியவில்லை" என்று சொல்லும் துணிவு

நம் பிள்ளைகள் வகுப்பில் ஏன் கேட்பதில்லை? தோழர்கள் நகைப்பார்கள் என்ற நாணம், ஆசிரியர் சினப்பார் என்ற அச்சம், எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எனக்கு மட்டுந்தான் புரியவில்லை என்ற மயக்கம் ஆகிய மூன்றுமே காரணம். மூன்றாவதுதான் மிகவும் கெட்டது.

இராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவராக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றை டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பல மேடைகளில் கூறியிருக்கிறார். ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எவ்வாறு பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். முடிவில் புரிந்ததா என்று வினவினார். தமக்குப் புரியவில்லை என்று சிறுவர் கலாம் சொன்னார். பிறகு கேட்டபோது மற்ற மாணவர் பலரும் தங்களுக்கும் புரியவில்லை என்றனர்! ஆசிரியர் கோபம் கொள்ளவில்லை. மாலையில் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் இறக்கை அடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் நேரில் காட்டினார். பறத்தலைப் பற்றிய படிப்பே தம் வாழ்வின் நோக்கமாயிற்று என்று கலாம் அந்த மாலையை நினைவுகூர்வார். ஒரு சிறுவன் வாய்திறந்து சொன்ன ஒரு சொல்லால் ஒரு வகுப்பே பயன்பெற்றது.

இதை நம் இல்லங்களில் நடைமுறைப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. அறிவியல் நோட்டின் கடைசிச் சில பக்கங்களை "ஐயப் பக்கம்" என்று ஒதுக்கச் சொல்லுங்கள். வகுப்பில் புரியாத இடத்தை அங்கே ஒரே வரியில், நாளிட்டுக் குறிக்கட்டும். "ஒளி பாடம் புரியவில்லை" என்று எழுதினால் பயனில்லை. "தண்ணீரில் வைத்த குச்சி ஏன் வளைந்து தெரிகிறது?" என்று குறிப்பாக எழுத வேண்டும். எது புரியவில்லை என்று சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை பாதி புரிந்துகொண்ட பிள்ளையாகும். அடுத்த வகுப்புக்கு முன் அந்த ஐயத்தை ஆசிரியரிடம் கேட்கட்டும். வகுப்பில் கேட்க நாணமென்றால் இடைவேளையில் கேட்கலாம். தெருவில் கல்லூரி செல்லும் ராத்தா இருப்பார், பொறியியல் படித்த நானா இருப்பார், அவர்களிடமும் கேட்கலாம். தீர்ந்த ஐயத்தின்மேல் ஒரு கோடு இழுத்துவிடட்டும். வார இறுதியில் கோடு இழுக்கப்படாத வரிகள் எத்தனை என்று பார்த்தால், பிள்ளை எங்கே நிற்கிறது என்பது யாருக்கும் விளங்கும்.

"எனக்கு அறிவியல் தெரியாதே, நான் எப்படிச் சொல்லித் தருவேன்?" என்று கேட்கும் தாய்மார்களே! நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. "இன்று படித்ததில் ஒன்றை எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்டால் போதும். உங்களுக்குப் புரியாத இடத்தில் "அது எப்படி?" என்று இன்னொரு முறை கேளுங்கள். அந்த இடத்தில் பிள்ளை தடுமாறினால், அதுதான் ஐயப் பக்கத்தில் எழுத வேண்டிய இடம். சபரில் இருக்கும் தந்தைமார்களும் "எத்தனை மார்க்?" என்ற கேள்வியோடு தொலைபேசியை வைத்துவிடாமல், "இந்த வாரம் ஆசிரியரிடம் என்ன கேட்டாய்?" என்றும் வினவட்டும். தந்தை எதை விசாரிக்கிறாரோ, அதைத்தான் பிள்ளை பெரிதாக மதிக்கும்.

ஆய்வுக்கூடம்: தன் கை, தன் கண்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25 மதிப்பெண். மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் 70 எழுத்துக்கும், 20 செய்முறைக்கும், 10 அகமதிப்பீட்டுக்கும் உரியவை. செய்முறை மதிப்பெண் எளிதில் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. குவிலென்சைத் தொடாமலேயே அதன் குவியத் தொலைவை எழுதிவிடுகிற பிள்ளை மதிப்பெண் பெறலாம். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் நேர்மையை அது பயிலவில்லை. தான் கண்ட அளவு புத்தகத்து அளவோடு பொருந்தாவிட்டால் அதை அழித்துத் திருத்தாமல், ஏன் பொருந்தவில்லை என்று தேட வேண்டும். அந்தத் தேடலே அறிவியல்.

சர் சி.வி. இராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நிறம் பிரதிபலிப்பதால் கடல் நீலமாகிறது என்பது அக்காலத்துப் பெரியோர் கூற்று. அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. கையில் வைத்திருந்த ஒரு சிறு முப்பட்டகத்தால் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாக முடிந்து, 1930-இல் நோபல் பரிசைக் கொணர்ந்தது. நாள்தோறும் கடலைப் பார்க்கும் நாகூர்ப் பிள்ளை, மழைக்காலத்தில் வெட்டாற்று முகத்துவாரத்தருகே அதே கடல் ஏன் செம்மண் நிறமாகிறது என்று கேட்கத் தொடங்கினால், அதுவும் அந்த மரபில் வந்த கேள்விதான்.

பள்ளியில் கருவிகள் குறைவு, மாணவர் அதிகம் என்ற குறை உண்மையே. வீட்டில் ஆபத்தின்றிச் செய்யக்கூடியவையும் பல உண்டு. மஞ்சள் கறை படிந்த துணியில் சவுக்காரம் பட்டதும் சிவந்துபோவதை எல்லாத் தாய்மார்களும் அறிவர். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். அமிலத்தையும் காரத்தையும் கண்டறியும் பாடம் அதுதான். வெள்ளெழுத்துக்காகப் பெரியவர்கள் அணியும் கண்ணாடி ஒரு குவிலென்சு. எதிரே திறந்த சன்னல் இருக்க, கண்ணாடியின் பின்னே வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் சன்னலின் தலைகீழ் உருவம் தாளில் விழும். கண்ணாடியின் திறன் 2 என்றிருந்தால் அந்தத் தூரம் ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கும். அளந்து பார்க்கட்டும். கண்ணாடி வழியே சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது. பள்ளி ஆய்வுக்கூடத்து அமிலங்களை வீட்டுக்குக் கொண்டுவருவதும், வீட்டு மின்சாரத்தில் சோதனை செய்வதும் அறவே கூடாது.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 100 கிராம் நீரில் 36 கிராம் உப்புக் கரையும். அதற்குமேல் போட்டால் அடியில் தங்கும். அடுக்களையிலேயே அளந்து பார்க்கலாம். கடல்நீர் ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகள் ஏறத்தாழ 35 கிராம். இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்ட பிள்ளைக்கு, வேதாரண்யத்து உப்பளங்களில் கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றிய பின்னரே ஏன் உப்புப் படியத் தொடங்குகிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். "கரைதிறன்" என்ற சொல்லை அப்பிள்ளை மறக்காது.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. செய்முறையைக் குழுவாகச் செய்யும்போது வேகமான மாணவர் கருவியைக் கையில் எடுத்துக்கொள்வார். கையெழுத்து அழகாக இருக்கும் பெண் அளவுகளை எழுதிக்கொண்டிருப்பாள். ஆண்டு முழுவதும் எழுதிய கைக்குக் கருவி பழகாது. "இந்த முறை நான் செய்கிறேன்" என்று பணிவோடும் உறுதியோடும் கேட்க நம் மகளுக்குக் கற்றுத்தர வேண்டும்.

சொற்பொழிவு: கைதட்டிக் கலைவதற்கன்று

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளிலும் வேறு நாட்களிலும் பள்ளிகளுக்கு மருத்துவர், பொறியாளர், பேராசிரியர் எனச் சிறப்பு விருந்தினர் வருகின்றனர். மாணவர் வரிசையாக அமர்கின்றனர். பொன்னாடை போர்த்தப்படுகிறது. உரை முடிகிறது. கைதட்டல் எழுகிறது. மறுநாள் கேட்டால் விருந்தினரின் பெயர்கூட நினைவில் இருப்பதில்லை.

1928-இல் ஜெர்மானிய இயற்பியல் பேரறிஞர் அர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அங்கே பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ற இளைஞருக்கு அப்போது வயது பதினெட்டை ஒட்டியிருந்தது. அவர் சோமர்ஃபெல்டின் நூலை முன்பே கவனமாகப் படித்திருந்தார். உரையைக் கேட்டதோடு நில்லாமல் அறிஞர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று அவரைச் சந்தித்தார். அந்த நூல் வெளிவந்த பிறகு இயற்பியலே பெரிதும் மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்டு எடுத்துரைத்தார். அச்சுக்குச் சென்றுகொண்டிருந்த தம் புதிய கட்டுரையின் படியையும் அந்த மாணவரிடம் கொடுத்தார். அதைக் கற்ற சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியாயிற்று. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர் பலர். முன்பே படித்துவிட்டு வந்ததும், பின்பு தேடிச் சென்று கேட்டதுமே சந்திரசேகரை வேறுபடுத்தின. நம் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். விருந்தினர் வருமுன் அவர் பேசப்போகும் பொருள் என்னவென்று ஆசிரியரிடம் கேட்டு, பாடநூலில் அதைப் பற்றி உள்ள பக்கத்தைப் படித்து, ஒரே ஒரு வினாவை எழுதி வைத்துக்கொள்ளட்டும். உரை முடிந்த அன்று மாலையே தான் புதிதாக அறிந்ததை மூன்று வரிகளில் எழுதட்டும்.

விருந்தினரைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதும் இல்லை. 2012-இல் நிறுவப்பெற்ற மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. காரைக்காலில் புயல்களைக் கண்காணிக்கும் வானிலை ரேடார் இருக்கிறது. விடுப்பில் ஊர் வந்திருக்கும் கப்பல் பொறியாளர், மருத்துவமனைச் செவிலியர், விசைப்படகு எந்திரம் பழுதுபார்ப்பவர் ஆகியோரும் அறிவியலோடு வாழ்பவர்களே. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 5 உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாள். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் நிலநடுக்கத்தை எப்படி அறிகிறது, கரைக்கு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்பது குறித்து அந்நாளில் நம் பள்ளிகளில் ஓர் உரை நடைபெறப் பெற்றோர் கழகங்கள் முயலலாம். நம் கரைக்கு அதைவிடப் பொருத்தமான சொற்பொழிவு வேறு இருக்க முடியாது.

பிரிவைத் தேர்ந்தெடுப்பது யார்?

பத்தாம் வகுப்புக்குப் பின் பிள்ளை எந்தப் பிரிவை எடுப்பது என்ற கேள்வி வருகிறது. வணிகவியலோ கலையியலோ தாழ்ந்தவை அல்ல. விருப்பத்தோடு அவற்றைத் தேர்ந்தெடுத்தால் மகிழ்ச்சியே. ஆனால் "அறிவியல் எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அது உண்மையில் விருப்பமா, ஒன்பதாம் வகுப்பில் கேட்காமல் விட்ட ஐயங்களின் கூட்டுத்தொகையா என்று பெற்றோர் ஆராய வேண்டும். பெண்பிள்ளைகளின் விஷயத்தில் நாம் இந்த ஆராய்ச்சியைச் செய்வதே இல்லை. "பெண்ணுக்கு எதற்கு அவ்வளவு கடினமான படிப்பு?" என்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம்.

சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி அவர்கள், நம் தமிழ்நாட்டுச் செங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கல்வி பெற்ற முஸ்லிம் பெண்மணி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பயின்று 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். அவர் வழிநடத்திய விண்கலம் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6-ஆம் நாள் சென்றடைந்தது. செங்கோட்டையின் பள்ளி வகுப்பறைக்கும் நாகூரின் வகுப்பறைக்கும் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. உங்கள் மகள் விண்கலம் செலுத்த வேண்டும் என்பதில்லை. அவள் எந்தப் பிரிவை எடுத்தாலும், அது அவளுடைய தேர்வாக இருக்க வேண்டும். அவள் கேட்கத் தயங்கிய நாட்களின் தீர்ப்பாக இருந்துவிடக் கூடாது.

ஆகவே பெற்றோர்களே! புதிய வழிகாட்டி நூல் வாங்குமுன், இன்னொரு டியூஷனுக்குப் பணம் கட்டுமுன், செலவில்லாத இந்தக் காரியத்தைச் செய்யுங்கள். இன்று இரவு உணவு முடிந்ததும் உங்கள் பிள்ளையின் அறிவியல் நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தைத் திறந்து, "இந்த வாரம் உனக்குப் புரியாமல் போனது எது? முதல் வரியை எழுது" என்று சொல்லுங்கள். பிள்ளை எழுதும்வரை பொறுமையாக அருகே அமர்ந்திருங்கள். கடிந்துகொள்ளாதீர்கள். நாளைக் காலை பள்ளிக்குப் புறப்படும்போது, "அதை இன்று கேட்டுவிடு" என்று மட்டும் நினைவூட்டுங்கள்.